மாவு உருண்டையும் பன்னிரண்டு கொக்கிகளும்

1

சென்ற வாரம் எங்கள் தோட்டத்து வாசலில் இருந்த சோதனைச் சாவடியை எடுத்துவிட்டார்கள். முள்கம்பி வேலி இன்னும் நிற்கிறது. அதைப் பிரிக்க ஆள் வருவதற்கு நாளாகுமாம். ஆனால் கதவு போய்விட்டது, காவல் போய்விட்டது. சோறும் அரிசியும் சீனியும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற உத்தரவு எங்கள் வட்டாரத்துக்கு இனிமேல் கிடையாது என்று, காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், கணக்கெழுதுகிற கிராணி நின்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். வாளியும் கத்தியுமாக ஐம்பது அறுபது பேர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, எங்கள் பேச்சில் பால்மரம் வெட்டப் புறப்பட்டோம். கதவு இருந்த இடத்துக்கு வந்ததும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றோம். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம் என்று தானாகவே இரண்டு வரிசை உண்டாகிவிட்டது. தேத்தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து, சீனி போடவில்லை என்று காட்டுவதற்காக உயர்த்திப் பிடித்தோம். சோதிக்க ஒருவரும் இல்லை. கதவைத் தாங்கிய இரண்டு மரக்கட்டைகள் மட்டும் நின்றன.

பக்கத்து வீட்டு அஞ்சலைதான் முதலில் சிரித்தாள்.

"யாருக்குக்கா கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம்? இந்தக் கட்டைக்கா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கழுத்தில் கட்டிய மணியைக் கழற்றிய பிறகும் தலையை ஆட்டிக்கொண்டு போகிற மாடு மாதிரி ஆகிவிட்டோமே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அஞ்சலை ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள். பிரித்தால் அரிசிமாவு உருண்டை. பெரிய தேங்காய் அளவு இருந்தது.

"இந்தாக்கா, வச்சிக்க. இனிமே அந்தத் தகரத்தையும் கம்பியையும் தூக்கி வீசு லா. நம்ம ஊரு மாதிரி மாவு வச்சே மீனப் புடி."

அவள் அன்பாகத்தான் கொடுத்தாள், இந்த ஊரில் 'லா' சேர்த்துச் சொன்னால் அப்படித்தான். வாங்கி வைத்துக்கொண்டேன். மீன் பிடிக்க நான் வைத்திருக்கும் தகரத்தையும் கம்பியையும் வீசவில்லை. வீசுவதாகவும் இல்லை.

அதே நாளில்தான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என் அண்ணன் எழுதிய கடிதமும் வந்தது. வேலிக்குள் ஆடு மாடு போலக் கிடந்தது போதும், கலவரம் ஓய்ந்த கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடு, உன்னை அங்கே யார் கட்டி வைத்தார்கள் என்று கேட்டிருந்தார். அண்ணனைப் போலவே நினைக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் தனபாக்கியம். கொள்ளிடக் கரையில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, பதினாறு வயதில் கழுத்தில் தாலியோடு கப்பல் ஏறி, மலாய் நாட்டில் ரெம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். கணவர் கோவிந்தனும் நானும் பால்மரம் வெட்டுகிறவர்கள். ஒரே பிள்ளை மல்லிகா.

எங்கள் ஊரில் பெண்கள் வாய்க்காலில் தூண்டில் போடுவது ஓர் அதிசயமில்லை. அரிசிமாவில் கொஞ்சம் வெல்லம், துளிப் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து முள்ளில் செருகினால் போதும். இங்கே வந்தும் அதையே செய்தேன். தோட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது. வேலை முடிந்து ஒரு மணி நேரம் அங்கே உட்காருவேன். எஸ்டேட்டில் ஆளை எண்ணுவார்கள், மரத்தை எண்ணுவார்கள், பாலை அளப்பார்கள். ஆற்றங்கரையில் என்னை எண்ண யாரும் கிடையாது. மீனை விட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு, ஜப்பான்காரன் போய்ச் சில வருடத்தில், அவசரகாலம் வந்தது. வெள்ளைக்காரரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒரு கூட்டம், அவர்களைத் தேடி ரோட்டில் துப்பாக்கியோடு இன்னொரு கூட்டம். நாங்கள் நடுவில். சிதறிக் கிடந்த வீடுகளை எல்லாம் ஓரிடத்துக்கு மாற்றிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாதென்று, வாசலைத் தாண்டி ஒரு பருக்கை வெளியே போகவிடவில்லை. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு போய், மதியம் வீடு திரும்பித்தான் சோறு தின்ன வேண்டும்.

மீனுக்கு வைக்கும் மாவும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒளித்துக்கூட வைக்கவில்லை. எலுமிச்சம்பழம் அளவு உருண்டையைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனேன். பெண்களைச் சோதிக்க ரொக்கியா என்ற மலாய்க்காரப் பெண்ணைப் போட்டிருந்தார்கள், பக்கத்துக் கம்பத்துக்காரி, கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமம். அவள் அதை முகர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் போலீஸ் சார்ஜன் நின்றுகொண்டிருந்ததால் அவளால் விடமுடியவில்லை.

கிராணியை வரவழைத்தார்கள். அவர் அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னா சாமான்?"

"மாவுங்க."

"யாருக்குக் கொண்டு போன?"

"மீனுக்கு."

அவர் சிரித்துவிட்டு என்னவோ எழுதினார். எழுதியதைப் படிக்கச் சொன்னேன். 'அடையாளம் தெரியாத ஆட்களுக்காக உணவு எடுத்துச் சென்றேன்' என்று என் வாயால் நான் சொன்னதாக எழுதியிருந்தார். கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதனாலதான் போடமாட்டேன்" என்றேன்.

ரெம்பாவ் காவல் நிலையத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் உட்கார வைத்தார்கள். கையெழுத்துப் போடவே இல்லை. கடைசியில், விடுகிறோம், ஆனால் வாசல் புத்தகத்தில் உன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஏதாவது பிடிபட்டால் உன் குடும்பத்தையே கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அது வெறும் மிரட்டல் இல்லை. எங்களுக்குத் தெரிந்தே சில குடும்பங்கள் அப்படிப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் மூங்கில் தூண்டிலை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். கோபக்காரர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். நான் அடுத்த வாரம் வேறு மூங்கில் வெட்டி வந்தேன்.

"புள்ள, ஒனக்கு என்னாதான் வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் வேணும்" என்றேன்.

3

மாவு இல்லையென்றால் மண்புழு இருக்கிறதே என்பீர்கள். ஆற்றங்கரையில் மண்ணைத் தோண்டினால் அரிசி புதைக்கிறாள் என்று பிடிப்பார்கள். அதனால் அதுவும் இல்லை.

பங்களாக் குட்டையில் வெள்ளைக்காரத் துரை மீன் பிடிப்பதை ஒருநாள் பார்த்திருந்தேன். கயிற்று நுனியில் பளபளவென்று ஒரு தகடு. அவ்வளவுதான். அதைத் தண்ணீருக்குள் இழுக்க இழுக்க, சின்ன மீன் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து கவ்வியது. தின்ன ஒன்றுமே இல்லாத இரை! சட்டத்தில் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள், பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிஸ்கட் டின் மூடியை வெட்டி மீன் வடிவில் தட்டினேன். சேவலின் கழுத்து இறகைப் பழைய சேலை நூலால் முள்ளில் கட்டி, பறக்கிற பூச்சி மாதிரி செய்தேன். தகரமீன் என்றும் இறகுப்பூச்சி என்றும் நானே பெயர் வைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்தால் மங்கிய தகரம், மேகம் போட்டால் பளபளப்பான தகரம், மீன் மேலே வந்து பூச்சி பொறுக்கினால் இறகு. ஒன்றை மூன்று தடவை பார்த்தும் கவ்வவில்லையென்றால், அந்த மீன் அதை அப்புறம் திரும்பிப் பார்க்காது. உடனே மாற்றியாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப ஒரு மணி ஆகும். மூன்று மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் சோறு தின்பதும் போகவர நடையும் போக எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். ரப்பர் பால் காய்ந்து பிசுபிசுத்த விரலால் மெல்லிய நைலான் நூலை அறுத்து முடிந்து, மறுபடி அறுத்து முடிந்து அந்த ஒரு மணியில் பாதி போய்விடும். ஒவ்வொரு முடிச்சுக்கும் நாலு விரல் நூலும் போய்விடும்.

நூலின் நுனியில் ஒரு கொக்கியை நிரந்தரமாகக் கட்டிவிட்டு, அதைத் திறந்து இரையை மாட்டி மூடினால் என்ன? முதலில் ஊக்கைக் கட்டிப் பார்த்தேன். அதன் தலை பெரிது. தகரமீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது, மீன்கள் ஒதுங்கிப் போயின. பிறகு மல்லிகாவின் அறுந்த பித்தளைச் சங்கிலியில் இருந்த கொக்கியை மாட்டினேன். நீந்துவது நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பூட்டு இல்லை. இரண்டு தகரமீன்கள் தானாகவே கழன்று ஆற்றோடு போய்விட்டன.

சிரம்பானுக்குச் சாமான் வாங்கப் போனபோது, தூண்டில் சாமான் விற்கிற சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் நான் தேடியது அட்டையில் வரிசையாகக் குத்தியிருந்தது. விரலால் அழுத்தினால் திறக்கிற, விட்டால் பூட்டிக்கொள்கிற சின்னச் சின்னக் கம்பிக் கொக்கிகள். மூன்று விதம் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். தௌக்கே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்:

"அம்மா, இது நகைக்கடை இல்லை."

"நகையா இருந்தா இவ்வளவு பார்க்கமாட்டேன் தௌக்கே. ஒடஞ்சா பொட்டியில போட்டு வைப்பேன். இது ஒடஞ்சா மீன் போயிரும்" என்று எனக்குத் தெரிந்த பசார் மலாயில், சந்தைப் பேச்சில் சொன்னேன். அவர் சிரித்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்று விதத்திலும் சிலவற்றை வாங்கி வந்து வீட்டு உத்தரத்தில் கயிறு கட்டினேன். கயிற்றில் கொக்கி, கொக்கியில் என் பால் வாளி. வாளிக்குள் தம்ளர் தம்ளராகத் தண்ணீரை ஊற்றினேன். எத்தனையாவது தம்ளரில் கொக்கி வாய் திறக்கிறது என்று பார்ப்பதுதான் பரீட்சை.

வேலையிலிருந்து வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அடுப்புல பானையக் காணோம். வாளி ஏன் அந்தரத்துல தொங்குது?"

"தள்ளி நில்லுங்க, விழப்போவுது" என்றேன். விழுந்தது. அவருடைய காலடியில்தான்.

வாய் குறுகலாகக் கூம்பியிருந்த விதம் வாளியைத் தாங்கியது. ஆனால் தகரத்தின் ஓட்டையை இறுக்கிப் பிடித்ததால் தகரம் ஆடவே இல்லை. ஆடாத தகரத்தை மீன் ஏன் துரத்தப் போகிறது? தகடு வைத்துப் பூட்டுகிற விதம் கெட்டி, ஆனால் ஊக்கைப் போலவே பெரிது. வாய் உருண்டையாக வளைந்து, கம்பியின் நுனி தன் மேலேயே திரும்பி மாட்டிக்கொள்கிற விதம்தான் எனக்குச் சரியாகப் பட்டது. அதில் நடுத்தர அளவு முழு வாளியைத் தாங்கியது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்த மிகச் சின்னது அரை வாளியில் வாயைத் திறந்தது.

ஆனால் இறகுப்பூச்சிக்கு அந்தச் சின்னதுதான் வேண்டும். நடுத்தரத்தை மாட்டினால் பாரத்தில் இறகு தண்ணீருக்குள் போய்விடுகிறது. விடாத கொக்கி மீனுக்குத் தெரிந்துவிடுகிறது, மீனுக்குத் தெரியாத கொக்கி விட்டுவிடக்கூடும். இரண்டும் சேர்ந்த ஒன்றை எந்தக் கடையிலும் விற்கவில்லை. தகரத்துக்கு எட்டு நடுத்தரம், இறகுக்கு நாலு சின்னது, தொலைவதற்கும் சேர்த்து ஆகப் பன்னிரண்டு என்று முடிவு செய்து தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கொக்கி பளபளத்தால் மீன் இரையை விட்டுக் கொக்கியைக் கொத்தும் என்று, இரண்டை விளக்கில் காட்டிக் கறுப்பாக்கினேன். சூட்டில் கம்பியின் முறுக்குப் போய், மெழுகு மாதிரி வளைந்துவிட்டன, வேறு இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் கடுந்தேநீரில் ஊறப்போட்டுக் கறுக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். வாசலில் தடை செய்யாத ஒரே ஆகாரம் அந்தச் சீனி போடாத தேத்தண்ணீர்தான், அதுவும் இப்படி எனக்கு உதவியது.

4

ஒரு வருடம் நிம்மதியாகப் போயிற்று. தீப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ரொக்கியாவுக்குத் தெரியும். திறந்து பார்த்து மூடிக் கொடுத்துவிடுவாள். மீன் கிடைத்த நாளில் அவளுக்கும் ஒன்று போகும். உள்ளே வருகிற சாப்பாட்டுக்குத் தடையில்லையே.

பிறகு சார்ஜன் மாறினார். புதியவருக்கு வயது குறைவு, முறுக்கு அதிகம். ஒரு சனிக்கிழமை மதியம் நான் ஆற்றுக்குக் கிளம்பியபோது தீப்பெட்டியை அவரே வாங்கித் திறந்தார். பன்னிரண்டு கறுத்த கம்பித் துண்டுகள். உள்ளங்கையில் கொட்டி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயர்" என்றார். "குண்டுக்கா, ரேடியோவுக்கா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் வாசல் புத்தகத்தைப் புரட்டிச் சிவப்பு மையில் இருந்த என் பெயரில் விரலை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது தடவை. கப்பல்.

அன்று கிராணி ரெம்பாவுக்குப் போயிருந்தார். ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்து இறங்கினார், இருபத்தைந்து வயது கூட இருக்காது. அவருக்கு மலாய் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அந்த நேரம் பார்த்துச் சிரம்பான் பஸ்ஸிலிருந்து மல்லிகா இறங்கி வந்தாள். என் நாத்தனார் வீட்டில் தங்கி அங்கே இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. தலைமுடியைப் பின்னாமல் ரிப்பன் கட்டத் தொடங்கியிருந்த காலம். வீட்டுக்கு வந்தால் என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். தோட்டத்து நாற்றம் சட்டையில் ஒட்டுகிறது என்பாள்.

என்னைச் சுற்றிப் போலீஸ் நிற்பதைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். நேராக ஆபீசரிடம் போய் இங்கிலீஷில் பேசினாள். பேசும்போது ஒரு விரலால் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். ஆபீசரின் முகம் மாறியது. இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். புத்தகத்தை மூடச் சொல்லிச் சார்ஜனுக்குக் கையைக் காட்டினார்.

"என்னடி சொன்ன?" என்றேன்.

"சும்மா இருங்கம்மா. விட்டுருவாங்க."

"என்ன சொன்ன?"

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குப் புத்தி சரியில்ல, குப்பையெல்லாம் பொறுக்கி வச்சிக்குவீங்கன்னு சொன்னேன். கப்பல்ல ஏத்திருவாங்கம்மா. அப்புறம் என் படிப்பு?"

அவள் பயம் நியாயமான பயம். அதை அன்றைக்கே உணர்ந்தேன், இன்றைக்கும் மறுக்கமாட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தீப்பெட்டியை வேலிக்கு மேலே வீசி எறிந்துவிட்டு, பைத்தியக்காரியாக வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருக்கலாம்.

என்னால் முடியவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று எழுதினார்கள், கையெழுத்துப் போடவில்லை. இப்போது என் மகளே எழுதுகிறாள், அதற்கு மட்டும் போடுவேனா?

"இப்ப நான் சொல்றத அப்படியே சொல்லு" என்றேன். "எங்கம்மாவுக்குப் புத்தி நல்லா இருக்கு. இது மீன் புடிக்கிற கொக்கி. நம்பலைன்னா ஆத்துக்கு வந்து பாக்கச் சொல்லு."

"அம்மா..."

"சொல்லுடி."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவு பூட்ட ஒரு மணி நேரம் இருந்தது. நடங்கள் என்று காட்டினார்.

மகளின் படிப்பையும் புருஷன் வேலையையும் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துச் சூதாடினவள் என்று கணவர் இன்றும் என்னைச் சொல்வார். மறுக்கமாட்டேன். ஆற்றுக்கு நடந்த அந்தக் கால் மணி நேரமும் எனக்குள் கப்பல் என்ற ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் ஆபீசர், சார்ஜன், இரண்டு போலீஸ்காரர்கள், ரொக்கியா, மல்லிகா. பளபளத்த தகரத்தை மாட்டி வீசினேன். ஒன்றும் இல்லை. கொக்கியை அழுத்தி, கழற்றி, மங்கிய தகரத்தை மாட்டினேன், கண்மூடித் திறப்பதற்குள். ஆபீசர் ஓரடி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மறுபடி வீசினேன். ஒரு நிழல் பின்னாலேயே வந்து திரும்பிப் போயிற்று. மூன்றாவது தகரத்துக்கு நிழல்கூட வரவில்லை. சார்ஜன் போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆபீசர் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிர்க்கரை மரத்தடியில், தண்ணீர் மேல் ஒரு வட்டம் எழுந்தது. விரால். பூச்சி பொறுக்குகிறது. இறகுதான் வேண்டும். இறகு என்றால் சின்னக் கொக்கி, அரை வாளியில் வாய் திறக்கிற கொக்கி. நடுத்தரத்தை மாட்டினால் அது நிச்சயம் விடாது, ஆனால் விரால் நிச்சயம் கவ்வாது. தீப்பெட்டியைத் திறந்து சின்னதை எடுத்தேன். நூலில் முடிந்து, இறகை மாட்டி வீசினேன்.

இறகு தண்ணீரில் போய் உட்கார்ந்தது. விரால் உடனே அடித்தது. முழங்கை நீளம் இருக்கும். நான் இழுக்கவில்லை. அது போகிற பக்கமெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கூடவே போனேன். அரை வாளி, அரை வாளி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த அளவுக்கு மேல் நூலில் பாரம் ஏறவிடக் கூடாது. அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்ததும் செவுளில் விரலை விட்டுத் தூக்கினேன். கொக்கியின் வாய் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. நுனி ஒரு மயிரிழையில் மாட்டிக்கொண்டு நின்றது.

ஆபீசர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். மல்லிகாவிடம் ஏதோ கேட்டார்.

"எப்படிப் பாத்து எடுத்தீங்கன்னு கேக்குறார்மா."

"உத்தரத்துல வாளியக் கட்டித் தண்ணி ஊத்திப் பாத்தேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். வாளி தொங்குவதைக் கையால் காட்டிக் காட்டி ரொம்ப நேரம் சொன்னாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

5

விட்டுவிட்டார்கள். ஆனால் அரசாங்கம் எதையும் சும்மா விடுமா? வாசலில் தொங்கிய அனுமதிப் பட்டியலில், வாளி, கத்தி, தேத்தண்ணீர் போத்தலுக்குக் கீழே என் பெயரைப் போட்டு, 'சிறு கம்பிக் கொக்கி, எண்ணிக்கை பன்னிரண்டு' என்று எழுதிவிட்டார்கள். போகும்போது பன்னிரண்டு, வரும்போதும் பன்னிரண்டு. யாரும் எண்ணாத ஒரு மணி நேரம் கேட்டவளுக்கு இந்தப் பரிசு.

அப்புறம் நாலு வருடம் ரொக்கியா தினமும் என் கொக்கிகளை எண்ணினாள். "சத்து, டுவா, தீகா..." என்று மலாயில் உள்ளங்கையில் தள்ளித் தள்ளி எண்ணுவாள். சில நாள் வேண்டுமென்றே நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவாள், பின்னால் நிற்கிற வரிசை எங்கள் இருவரையும் திட்டும்.

ஒருநாள் வரும்போது பதினொன்றுதான் இருந்தது. மூன்று பிரதியாக ஒரு பாரம் நிரப்பினார்கள். காணாமற்போன பொருள் எங்கே என்ற கேள்விக்குக் கிராணி என்னைப் பார்த்தார்.

"மீன் வாயில" என்றேன்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டு அரசாங்கக் காகிதம் ஒன்றில் நான் மனமாரப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

6

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மல்லிகா விடுமுறைக்கு வந்திருந்தாள். இப்போது சிரம்பானில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். தமிழில் தொடங்கி மலாயில் நடந்து இங்கிலீஷில் முடிப்பாள். எனக்குத் தேவையானது புரிகிறது. நாங்கள் இருவரும் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து தின்றோம். வெட்டவெளியில் சோறு தின்று எத்தனை வருடம்! இரண்டாவது கவளத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

"மாமா கடுதாசிக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வரலைன்னு."

அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. என்னைக் கப்பலில் ஏற்ற இவர்கள் இரண்டு தடவை பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிப் போகாதவள், இப்போது கதவைத் திறந்துவிட்டதும் தானாகப் போவாளா? யார் கட்டி வைத்தது என்று கேட்டாய். ஒருவரும் கட்டி வைக்கவில்லை. அதனால்தான் இருக்கிறேன். இங்கே இருபது வருடம் மரம் வெட்டியிருக்கிறேன், இந்த ஆற்றில் எந்த மேகத்துக்கு எந்தத் தகரம் என்று எனக்குத் தெரியும். என் மகள் இங்கேதான் பிறந்தாள். கங்காணியும் போலீஸும் துரையும் தங்கள் இடம் என்று நினைப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அஞ்சலை கொடுத்த மாவு உருண்டையைப் பிரித்தேன். ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குக் கப்பல் என்றார்கள், இது தேங்காய் அளவு. பிட்டுப் பிட்டு முழுவதையும் ஆற்றில் வீசினேன். முள்ளில் செருகவில்லை, சும்மாதான் போட்டேன். மீன்கள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வந்து தின்றன. தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்தேன்.

"நான் மாட்டவாம்மா?" என்றாள் மல்லிகா. "சின்னதா, நடுத்தரமா?"

"வானத்தப் பாத்து நீயே எடு."

நிமிர்ந்து பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், சின்னதை எடுத்து இறகை மாட்டினாள். நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அன்று கரையில் நின்று பார்த்ததுதான்.

திரும்பி வரும்போது வாசல் கட்டைகளின் அருகே என் கை தானாகத் தீப்பெட்டியை எடுத்துவிட்டது. மல்லிகா அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்க சொல்லச் சொன்னதுல ஒண்ண மட்டும் நான் சொல்லல."

"எத?"

"கொக்கின்னு சொன்னேன். ஆத்துக்கு வந்து பாக்கச் சொன்னேன். உங்களுக்குப் புத்தி நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லல. மொதல்ல பொய் சொன்னது தெரிஞ்சிரும்னு பயம்."

நாலு வருடமாக அந்த ஆபீசர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மீன் பிடிக்கத் தெரிந்த பைத்தியம்! எனக்குச் சுரீரென்றது.

"இப்பச் சொல்லு" என்றேன்.

"யாருகிட்டம்மா? ஆளே இல்ல லா."

"கட்டைகிட்டச் சொல்லு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், அந்த இரண்டு கட்டைகளுக்கும் நேராக நிமிர்ந்து நின்று, வரிசையாக நிற்கும் லயத்து வீடுகள் வரை கேட்கும்படி, அன்று சொல்லாமல் விட்டதை உரக்க இங்கிலீஷில் சொன்னாள். அஞ்சலை வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

தீப்பெட்டியை எண்ணாமலே இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தேன். அவள் சொன்ன இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.